தாழில் வைத்த கை

அக்கா பேசுவாள், தங்கை ஆடிக் காட்டுவாள். பள்ளிக்கூடம், கல்லூரி, நூலகம், எங்கிருந்து கூப்பிட்டாலும் ஒரு தோள்பையும் சலங்கையுமாக இருவரும் போய் இறங்குவார்கள். இது மொட்டு என்று அக்கா சொன்னால் தங்கையின் கையில் மொட்டு இருக்கும். விரிகிறது என்றால் விரியும். பரதநாட்டியத்தை முன்பின் பார்த்திராதவர்கள்கூட அரை மணி நேரத்தில் பக்கத்து ஆளுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அக்காவின் வாய் அப்படி.

அவளுக்கு ஆட்டம் வசப்படவில்லை. அது அவளுக்கே தெரியும். இருவரும் ஒரே ஆசிரியையிடம்தான் கற்றார்கள். தங்கைக்குக் காலில் வந்தது இவளுக்கு வாயில் வந்தது. விட்டால் நீ நாக்கிலேயே சலங்கை கட்டிக்கொள்வாய் என்று தங்கை கிண்டல் செய்வாள். தங்கையின் கணவன் ஒரு படி மேலே போய் மனைவிக்கு "உதாரணம்" என்றே பெயர் வைத்துவிட்டான். உதாரணம் சாப்பிட்டதா, உதாரணம் எப்போது வீட்டுக்கு வரும் என்றுதான் போனில் விசாரிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். தங்கையும் சிரித்ததால் அக்கா அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

நிகழ்ச்சியின் கடைசியில் எப்போதும் ஒரு பதம். வராதவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு. வாசலில் சத்தம் கேட்கிறது, எழுகிறாள், முந்தானையைச் சரிசெய்கிறாள், கதவின் தாழில் கை வைக்கிறாள். பாடிக்கொண்டிருக்கும் அக்கா அங்கே கையை உயர்த்துவாள். தங்கை அப்படியே நிற்பாள். இந்த முகத்தில் என்னென்ன தெரிகிறது என்று அக்கா கேட்க, ஆசை, பயம், சந்தேகம் என்று கூட்டம் ஆளுக்கொன்று சொல்லும். அத்தோடு நேரம் முடிந்துவிடும்.

முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிமேல் ஆட்டம் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தங்கை ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா, ஒத்துக்கிட்ட ஸ்கூல் ஒண்ணு பாக்கி இருக்குல்ல? அங்க மட்டும் அந்தப் பதத்தை நிறுத்தாம பாடு. நான் இதுவரைக்கும் அந்தக் கதவைத் திறந்ததே இல்ல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஒத்திகையிலாவது முழுதாக ஆடியிருப்பாளே என்று நினைத்துப் பார்த்தாள். ஒத்திகையிலும் நிறுத்தும் இடத்தைத்தான் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

பள்ளியில் வரவேற்புரையே பாதி நேரத்தைத் தின்றுவிட்டது. அக்கா தன் பேச்சைக் கத்தரித்தாள். பதத்தின் கதையைக்கூடச் சொல்லாமல் பாட ஆரம்பித்தாள். தங்கை சத்தம் கேட்டாள், எழுந்தாள், முந்தானையைச் சரிசெய்தாள், தாழில் கை வைத்தாள்.

அங்கே நின்றுவிட்டாள்.

யாரும் கையை உயர்த்தவில்லை. பழகிய உடம்பு தானாக நின்றுவிட்டது. அக்காவின் பாட்டும் நின்றிருந்தது; இந்த முகத்தில் என்னென்ன தெரிகிறது என்று கேட்க வாய் தானாகத் திறந்துகொண்டது. அதற்குள் பிள்ளைகள், முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள். தலைமையாசிரியை பூங்கொத்தோடு எழுந்தார். இப்படியே வணங்கி இறங்கினால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. நல்ல பெயரும் கிடைக்கும். தங்கையின் முகத்தை அக்கா பார்த்தாள். அதில் என்ன தெரிந்தது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"உக்காருங்க மேடம்," என்றாள் மைக்கிலேயே. "இன்னும் முடியல."

அடுத்த வரியை எடுத்துப் பாடினாள். தங்கை தாழை நீக்கினாள். வெளியே யாரும் இல்லை. தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தாள், அந்தக் கோடியைப் பார்த்தாள். பாட்டு முடிவதற்குள் மணி அடித்தது. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் எழுந்து போக, நாற்காலிகள் தரையில் கீறின. தங்கை நிறுத்தவில்லை. எப்போதும் ஆட்டத்தைப் பார்க்கும்போதே அடுத்துச் சொல்லவேண்டியதை அக்காவின் மனம் கோத்துக்கொண்டிருக்கும். அன்று ஒரு சொல்லும் வரவில்லை. ஓரிடத்தில் தாளம்கூடத் தப்பியது; தங்கை காத்திருந்து சேர்த்துக்கொண்டாள். பிறகு அந்தப் பெண் கதவைச் சாத்தி, திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

பின்னறையில் தங்கையால் முழங்காலை மடக்க முடியவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

அக்கா சலங்கை முடிச்சைப் பிரிப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

"பேச்சே வரலையா? சரி, பரவால்ல," என்றாள் தங்கை. "காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. வலிக்குது."