லிஃப்டில் படுக்க முடியுமா?

கட்டி முடிக்காத வீட்டைக் காட்டி விற்கிறவர்களை நான் நம்புவதில்லை. கட்டி முடித்ததைக் காட்டினாலும் இவள் நம்ப மாட்டாள் என்பார் என் கணவர். அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அண்ணாமலை நகரில் நாங்கள் குடியிருந்த பல்கலைக்கழகக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற சாலையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டை அவர் பார்த்து வைத்திருந்தார்.

எனக்கு வீட்டை விட அம்மா வருவாளா என்பதுதான் கவலை. அப்பா போன பிறகு அவள் புவனகிரியில் ஒரு வாடகைப் போர்ஷனில் தனியாக இருந்தாள். குவார்ட்டர்ஸுக்கு வா என்று எத்தனையோ முறை கூப்பிட்டாகிவிட்டது. "அது ஆபீஸ் வூடு, அடுத்தவங்க எடம்" என்று மறுத்துவிடுவாள். கொஞ்ச நாள் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். பக்கத்துப் போர்ஷன்காரர்கள் வந்துதான் தூக்கியிருக்கிறார்கள். அதையும் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அவள் மூச்சு விடவில்லை. அம்மா வந்தால்தான் அந்த வீடு, இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம் என்று கணவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "அப்ப அத்தையையும் கூட்டிக்கிட்டுப் போயி காட்டிடுவோம்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். கம்பெனி ஆள் வாசலிலேயே காத்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, தலையில் மஞ்சள் ஹெல்மெட். எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். அம்மாவின் கொண்டை மேல் அது உட்காரவில்லை. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள், மார்க்கெட்டுக்குக் கூடை எடுத்துப் போகிறவள் மாதிரி.

அந்த ஆளிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று, நான் கேள்வியை முடிப்பதற்குள் அவர் சிரித்துவிடுவார். சிமெண்டு நனைக்கிற குழாயில் ஒரு வாய் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

"இது கட்டட வேலைக்கு மேடம். குடியிருக்கிறவங்களுக்கு வேற போர் போடுறோம்."

"எங்க?"

"போடுவோம் மேடம்."

உட்சுவரைத் தட்டினேன், டொக் டொக்கென்றது. அது லைட் வெயிட் கல்லாம், வெயில் காலத்தில் குளுமையாக இருக்குமாம். எதிரே இருந்த பழைய வீடுகளின் வாசலில் படிகள் மேலே மேலே ஏறிக்கொண்டே போயின. காரணமில்லாமல் யாராவது வீட்டை அவ்வளவு உயரத்தில் தூக்கிக் கட்டுவார்களா? வெள்ளாற்றில் தண்ணீர் வந்தால் இந்தப் பக்கம் ஏறாதா என்று கேட்டேன். அதற்கும் ஒரு சிரிப்பு. "அதெல்லாம் அந்தக் காலம் மேடம்."

"இவ விசாரணைக் கமிஷன் வெச்சா சும்மா வுட மாட்டா சார்" என்று கணவர் அவரிடம் சொன்னார். கூடவே அவரும் சிரித்ததில் எனக்கு எரிச்சல் வந்தது. வீடு விற்கிறவனோடு சேர்ந்துகொண்டு சிரிக்கிற மனிதரை வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் பேரம் பேசுவது?

ஆனால் அன்றைக்கு எனக்கு அதிகமாகச் சந்தேகம் வந்தது அம்மா மேல்தான். முருங்கைக்காய் வாங்கினாலும் முறுக்கிப் பார்க்காமல் பையில் போடாதவள், சமையலறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதுதான் உன் அறை, ஜன்னலைத் திறந்தால் வயல் தெரியும் என்று காட்டினேன். "ம்" என்றாள். வேண்டாம் என்று சொல்வதற்கு ஏதோ ஒரு நொட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

லிஃப்ட் இன்னும் மாட்டவில்லை. அது வர வேண்டிய குழியைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். அம்மா அங்கே போய் நின்றுகொண்டாள்.

"இதுல எத்தினி பேரு போவலாம் தம்பி?"

"ஆறு பேர் தாராளமா போலாம்மா."

"படுக்க முடியுமா?"

அவர் வாய்விட்டே சிரித்தார். "வீட்டுல கட்டில் இருக்கும்போது லிஃப்ட்ல ஏம்மா படுக்கப் போறீங்க?"

அம்மா சிரிக்கவில்லை. மாடிப்படிக்குப் போனாள். படி திரும்புகிற இடத்தில் நின்று, ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்துப் பார்த்தாள். "இங்க திரும்புமா?"

"பீரோவாம்மா? தாராளமா திரும்பும்."

அவளிடம் இருப்பது ஒரு தகரப் பெட்டியும் மடக்குக் கட்டிலும்தான். எனக்குப் பொறுமை போய்விட்டது. "என்னாதான்மா வேணும் ஒனக்கு? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிடேன்" என்று கத்திவிட்டேன். அந்தக் காலிக் கட்டடத்தில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அவரைப் பார்த்தே கேட்டாள். "சாவு வுழுந்தா எங்க வெப்பீங்க?"

அவருடைய சிரிப்பு முதல் தடவையாக நின்றது. "அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா. நீங்க நூறு வயசு இருப்பீங்க."

"சரி, நூறு வயசுக்கு அப்புறம் எங்க வெப்பீங்க?"

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் தன் செருப்பைப் பார்த்தார். "அதெல்லாம் அசோசியேஷன் வந்து முடிவு பண்றதும்மா. இப்பல்லாம் ஜாஸ்தி பேரு ஆஸ்பத்திரியிலேருந்து நேரா எடுத்துக்கிட்டுப் போயிடுறாங்க. மேல கொண்டாந்தா மத்த வீட்டுக்காரங்க சங்கடப்படுவாங்க இல்லீங்களா."

அப்பா கடலூர் ஆஸ்பத்திரியில்தான் போனார். ஆம்புலன்ஸில் புவனகிரிக்குக் கொண்டு வந்தோம். அப்போது அவர்கள் குடியிருந்தது, வீட்டுக்காரர் முன்பக்கம் இருக்க, பின்பக்கத்து வாடகை வீடு. வீட்டுக்காரர் கேட்டருகிலேயே நின்றிருந்தார். தப்பா நெனச்சுக்காதீங்க, பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன், உள்ள மட்டும் வேணாம் என்றார். கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார். சத்தம் போட்டிருந்தாலாவது சண்டை பிடித்திருக்கலாம். மதில் சுவருக்கு வெளியே, சாக்கடை ஓரமாக ஷாமியானா போட்டு, ரோட்டிலேயே அப்பாவைக் கிடத்தினோம். நான்கு பேர் புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, அங்கேயே குளிப்பாட்டினார்கள். பைக்கில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வண்டி வரும்போதும் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொள்வாள், போனதும் நீட்டுவாள். அவள் சரியாக அழவே இல்லை. வண்டி வருகிறதா என்று பார்ப்பதிலேயே அன்றைய பகல் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. நாங்களும் பேசவில்லை.

அவள் இத்தனை நேரமும் எதை அளந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.  அவள் கீழே வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, கம்பெனி ஆள் எங்களை அவசரமாகக் கீழே கூட்டிக்கொண்டு போனார். தூண்களுக்கு நடுவே தரையில் மஞ்சள் கோடு போட்டு, கட்டங்களில் நம்பர் எழுதியிருந்தார்கள். கார் நிறுத்துகிற இடம். வீட்டோடு சேர்ந்தது இல்லை, தனியாக வாங்க வேண்டும், சீக்கிரம் சொன்னால் நல்லது, நிறைய போய்விட்டது என்றார். எல்லாக் கட்டமும் காலியாகத்தான் கிடந்தது. இதோ ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. "எங்ககிட்ட ஸ்கூட்டர்தான் இருக்கு. கார் வாங்குற யோசனையும் இல்ல. வேணாம்" என்று வெட்டிவிட்டேன்.

அம்மா ஒரு கட்டத்துக்குள் போய் நின்றாள். "இந்தக் கோட்டுக்குள்ள இருக்கிறது யாருது தம்பி?"

"யாரு வாங்குறாங்களோ அவங்களுதும்மா."

"அந்தச் சங்கத்துக்காரங்க வந்து கேள்வி கேப்பாங்களா?"

"உங்க எடத்துல நீங்க வண்டி வுடுறதுக்கு அவங்க ஏம்மா கேக்கப் போறாங்க?"

அவள் அந்தக் கட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாள். சாலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். தலைக்கு மேலே கான்கிரீட்டை அண்ணாந்து பார்த்தாள். "மழ பெஞ்சாலும் நனையாது" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு என் கணவரிடம், "மாப்ள, இதையும் சேத்து வாங்கிடுங்க."

"நம்மகிட்டதான் காரே இல்லியே அத்தை."

"காருக்கில்ல. எனக்கு."

கம்பெனி ஆள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். எனக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது. இப்படியா பேசுவார்கள், வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று திட்டிக்கொண்டே அழுதேன். அவள் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, "எப்ப குடி வரலாம்னு கேளுடி" என்றாள். எத்தனை வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அதை இப்படிக் கேட்க வேண்டியிருந்தது.

வந்துவிட்டோம். தண்ணீர் இன்னமும் உப்புத்தான், சொன்ன போரைப் போடவில்லை. முதல் மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. நான் சந்தேகப்பட்டதில் அம்மா விஷயம் ஒன்றுதான் தப்பாகப் போயிற்று.

எதிர் வீட்டுக்காரருக்கு இரண்டு கார். எங்கள் கட்டம் சும்மாதானே கிடக்கிறது, ஒன்றை அங்கே விட்டுக்கொள்கிறேனே என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். முடியாது என்கிறோம். காரணம் சொல்ல முடியவில்லை. வாடகை எதிர்பார்க்கிறோமோ, நல்ல விலைக்கு விற்கப் பார்க்கிறோமோ என்று அவருக்கு ஆயிரம் யோசனை. நான் அந்தக் கம்பெனி ஆளைப் பார்த்த மாதிரியே லிஃப்டில் என்னைப் பார்க்கிறார்.

அம்மா காலையில் துடைப்பத்தோடு இறங்கிப் போய் அந்தக் கட்டத்தைப் பெருக்கிவிட்டு வருகிறாள். போன வாரம் எதிர் வீட்டுக்காரர் அவளிடமே கேட்டிருக்கிறார். "எங்களுக்கு வண்டி வர வேண்டியிருக்குப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். எப்போது வருமாம் என்று அவர் என்னிடம் வந்து கேட்டார். புக் பண்ணியிருக்கிறோம், ரொம்ப வருஷம் ஆகும் என்றேன். அவர் நம்பவில்லை. நான் சொன்னது அப்படியே நடக்க வேண்டும் என்று நின்ற இடத்திலேயே வேண்டிக்கொண்டேன்.