பதினேழு புத்தகங்களும் நாற்பதாம் தாளும்

நேற்று மின்கட்டண அட்டையைத் தேடி மேசை டிராயரைக் கவிழ்த்தபோது, இரு ஓரமும் துளையிட்ட பழைய பிரிண்டர் தாள் ஒன்று கிடைத்தது. துளைகளை எண்ணினேன், ஓரத்துக்கு இருபத்திரண்டு. (எண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பார்கள் வீட்டில். பொய்யில்லை.) மடிப்பை விரித்ததும் ரிப்பன் மையின் வாடை லேசாக வந்தது. அதோடு காளீஸ்வரியும் நினைவில் வந்துவிட்டார்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துவந்த நான், தெற்கு மாசி வீதியில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த நண்பர் சாந்தாராமோடு சேர்ந்து, தமிழில் அடித்து அச்செடுக்கும் மென்பொருள் ஒன்றை எழுதி, அதன் நிரலோடு இணையத்தில் இலவசமாக வைத்திருந்தேன். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். 'திருத்த வருகிறேன், என்ன படிக்க வேண்டும்?' என்று கேட்பவர்களுக்காக ஒரு பட்டியலும் உண்டு: நிரல் எழுதும் 'சி' மொழி கற்கப் பதினேழு புத்தகங்கள், நான்கு இணையதளங்கள். அரைகுறையாகப் படித்துவிட்டு வந்து கெடுத்துவிடுவார்களோ என்ற கவலையில் அது நீண்டுகொண்டே போனது. பட்டியலை வாங்கிப் போனவர்கள் நாற்பத்தொரு பேர். திரும்பி வந்தவர் எவருமில்லை.

"அம்புட்டையும் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவய்ங்களுக்குப் பென்சன் வந்துரும்ணே," என்பார் சாந்தாராம்.

காளீஸ்வரி நாற்பத்திரண்டாவது. உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, திருப்பரங்குன்றத்தில் ஒரு டைப்பிங் கடையில் மனு அடித்துக்கொடுத்தவர். எங்கள் மென்பொருளில் அச்செடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் கடைசி வரி காணாமல் போனது. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று கடை முதலாளி சொல்லிவிட்டாராம். நான் எட்டு நாள் தேடியும் பிழை சிக்கவில்லை.

"நானே பாக்கட்டா சார்? என்ன படிக்கணும்?"

பட்டியலை நீட்டினேன்.

"பதினேழா? மாசக் கடைசிக்குப் பதினோரு நாள்தான சார் இருக்கு. நீங்க எழுதுனதவே குடுங்க. அதப் படிக்கிறேன்."

சாந்தாராம் அச்செடுத்துக் கொடுத்தார். அறுபத்துநான்கு தாள், கிழிக்காமல் ஒரே நீளம். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதாம் நாள் வந்தார். ஓரமெல்லாம் பென்சில் எண்கள். முப்பது வரி மனு ஒன்றை வைத்துக்கொண்டு, கணினி போகிற வழியிலேயே வரி வரியாகப் போயிருக்கிறார். புரியாத சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு மேலே நகர்ந்திருக்கிறார்.

"கம்ப்யூட்டர் பூச்சியத்துலருந்து எண்ணும்னு ஏழாந் தாள்ல எழுதிவச்சு, வரிக் கணக்குல ஒண்ணு கழிச்சிருக்கீக. சரி. நாப்பதாந் தாள்ல திரும்பவும் கழிச்சிருக்கீகளே, எதுக்கு சார்?"

எதற்கு? பயத்துக்கு. வீட்டுப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறவன் நான்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"டைப்பிங் பரிச்சைக்குத் தாளுக்கு எத்தன வரின்னு எண்ணித்தான சார் பழகுனோம்."

"எண்ணுறதுல ஒங்களுக்கு மேல ஆள் வந்துருச்சுண்ணே," என்றார் சாந்தாராம். ஒரு புத்தகமும் தொடாத கை போட்ட எண்களை, அண்ணாந்து மலையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாற்பதாம் தாளில் கழித்ததை அன்றே நீக்கினோம். கடைசி வரி அச்சில் வந்தது. அவர் வேலையும் தப்பியது. பட்டியலை அழித்துவிட்டு ஒரே வரி எழுதிவைத்தேன்: 'நிரலை அச்செடுத்துப் பென்சிலோடு படிக்கவும்.' அடுத்த ஆண்டுக்குள் ஆறு பேர் திருத்தம் அனுப்பினார்கள்.

அந்த இணையதளம் இப்போது திறப்பதில்லை. மென்பொருள் ஓடும் கணினியும் எங்கும் இல்லை. பிரௌசிங் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். என்னிடம் மிஞ்சியது இந்த நாற்பதாம் தாள். தேய்ந்த ரிப்பனில் அடித்த எழுத்துகள் வெளிறி, நான் கழித்த அந்த ஒன்றையே காணவில்லை. அதைச் சுற்றிக் காளீஸ்வரி போட்ட பென்சில் வட்டம் மட்டும் கறுப்பாக இருக்கிறது.