முத்தின இலைப் பச்சை

“…வாழக்குருத்து பச்ச இல்ல, முத்தின எல பச்ச. நீங்க ஆசப்பட்ட அதே பச்சதான்” என்று அந்தப் பெண் தன் கணவரிடம் சொன்னாள். அவள் முன்னால் நின்ற கார் மெரூன். காய்ந்துபோன வெற்றிலைத் துப்பலின் நிறம். அடித்தவன் நான். என் பட்டறையில் அப்போது ஏழெட்டு ஆண்கள் நின்றிருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பதற்காகத்தான் எல்லோரும் வந்திருந்தோம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் கோட்டாற்றுப் பக்கம் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மிச்சமெல்லாம் மனிதர்கள் வாயிலிருந்து பொறுக்கியது. நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்தால் பட்டறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்வேன். “டிங்கர் செஞ்ச தப்ப பெயிண்டர் மூடணும், பெயிண்டர் செஞ்ச தப்ப இருட்டுதான் மூடணும்” என்று ஒரு லாரி டிரைவர் சொன்னது இன்னும் அங்கே இருக்கிறது. மனிதர்கள் என்றால் எனக்கு உயிர் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் இருந்தேன்.

காரின் சொந்தக்காரர் மஸ்கட்டில் எலக்ட்ரீசியனாக இருந்து, இரண்டே வருடத்தில் திரும்பியவர். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சொல்லியிருந்தார். பிறகு தேங்காய் வியாபாரம், கொஞ்சம் வயல். மஸ்கட்டில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்த்திருக்கிறார். இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது, தவளைக் கண் போல முன்னால் இரண்டு விளக்கு. அது அவர் தலைக்குள் புகுந்துகொண்டது. புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு அதன் நகலைச் செய்யத் தொடங்கினார். ஜீப்பின் அடிச்சட்டம், குளச்சல் பக்கம் மீன்பிடி வள்ளம் செய்கிறவர்கள் வார்த்துக் கொடுத்த பைபர் உடம்பு. நான்கு வருடம் ஆயிற்று. அவருடைய மனைவியின் தம்பி அதற்கு ‘கரையேறின வள்ளம்’ என்று பெயர் வைத்திருந்தான்.

நிறம் பார்க்க நான் அட்டையைக் காட்டுவதில்லை. நகத்தளவு நிறம் பொய் சொல்லும். உள்ளங்கை அகலத் தகரத்தில் மூன்று கோட் அடித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள் என்பேன். முதல் இரண்டு முறை அவர் மனைவியோடு வந்தார். தகரத்தைக் கையில் எடுப்பது அவராக இருக்கும், பேசுவது அவளாக இருக்கும். “இது கொஞ்சம் மஞ்ச கலந்த பச்ச, நமக்கு வேண்டாம்” என்பாள். “ஆமா, மஞ்சதான்” என்பார் இவர். பெண்டாட்டி பேச்சைத் தட்டாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

மூன்றாம் முறை அவள் வரவில்லை. திருவட்டாறு கோயிலில் உறவுக் குழந்தை ஒன்றுக்குச் சோறூட்டு. கூட வந்தது அவளுடைய தம்பி. நான் மேசையில் இருந்த இரண்டு தகரங்களை எடுத்துக் கொடுத்தேன். ஒன்று அவர் கேட்ட கரும்பச்சை. இன்னொன்று வேறொரு வண்டிக்கு அடித்துப் பார்த்த மெரூன். கைக்கு வந்ததால் கூடப் போயிற்று, அவ்வளவுதான். அவர் இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்து, மெரூனைக் கட்டைவிரலால் தடவினார்.

“இதுதான் அண்ணாச்சி. முத்தின வாழ எல மாதிரி. பாக்க பாக்க உள்ள இழுக்கு பாத்தேளா.”

‘அது மெரூன்லா தம்பி’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். மைத்துனன் என் காலை மிதித்தான்.

“கொள்ளாம் அத்தான். நல்ல பச்ச” என்றான். “அப்பம் மத்தது?”

“அது ஒரு செங்கல்லு நெறம்லா.”

மைத்துனன் மேசையிலிருந்து ஒரு துணியை எடுத்து, இது என்ன நிறம் என்றான். ஒரு டப்பா மூடியை எடுத்தான். இன்னொரு தகரத்தை எடுத்தான். அவர் பதில் சொல்லச் சொல்ல, பக்கத்துக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். மூன்றாவது கேள்வியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது.

“எதுக்குடே இதெல்லாம் கேக்க?”

“சும்மா அத்தான். ஒங்க ரசன நாலு பேருக்குத் தெரியட்டுன்னு.”

அவர் கை கழுவப் பின்பக்கம் போனதும் மைத்துனன் பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “மஸ்கட்டுல கம்பெனிய மூடலையாக்கும் அண்ணாச்சி. வயரு நெறம் தெரியாதவனுக்கு அங்கன என்ன வேல? எட்டு வருசமா எங்க வீட்ல கத விட்டுட்டு இருந்திருக்காரு. அக்காளும் சேந்துலா மூடி வச்சிருக்கா.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். “நீங்க மெரூனே அடியுங்க. நாம பச்சன்னே சொல்லுவோம். எத்தன நாளு ஓடுகுன்னு பாப்போம்.”

நான் மறுத்திருக்கலாம். பின்பக்கம் போய், ‘தம்பி, தகரம் மாறிப்போச்சு’ என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் எட்டு வருடமாகக் காத்து வந்த மானம் அந்த நாலு வார்த்தையில் தப்பியிருக்கும். இப்படி ஒரு கதை பிறகு கிடைக்குமா என்ற பேராசை எனக்கு. அன்றைக்கே சுவரில் ஒரு வரி எழுதினேன், என் சொந்தச் சரக்கு: “கண்ணு வீட்ல இருக்கு, கலர் குடிபோயிட்டு.”

அடுத்த ஐந்து நாளும் அவர் தினமும் வந்தார். மனைவி திருவட்டாற்றிலேயே தங்கிவிட்டாள். நான் மெரூனை அடித்து, தேய்த்து, திரும்ப அடிப்பதை அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். தேநீர்க் கடையிலிருந்து ஆட்கள் வந்து, “என்ன மாதிரிப் பச்சவே இது?” என்று கேட்பார்கள். அவர் சலிக்காமல் சொல்வார். களை பறித்து உரம் போட்ட பத்தாம் நாள் வயல் மழையில் நனைந்து நிற்குமே, அதன் அடிப்பக்கத்து இருட்டு என்பார். யாரோ அவருக்கு அன்போடு சொல்லிக் கொடுத்த வார்த்தைகள் என்று கேட்டாலே தெரியும். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, தெரு திரும்பியதும் சிரிப்பார்கள். அவர் மஸ்கட்டில் பார்த்த கார் உண்மையில் என்ன நிறமோ என்று எனக்கு ஒருமுறை தோன்றியது. அதையும் ஒரு வேடிக்கையாகத்தான் மைத்துனனிடம் சொன்னேன்.

நான்காம் நாள் சுவரில் நான் எழுதியிருந்ததை அவர் வாசித்தார்.

“நல்லாருக்கே. யாரப்பத்தி அண்ணாச்சி?”

“சும்மா, வாயில வந்தது.”

அவர் அதை இன்னொரு முறை வாசித்துச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

ஆறாம் நாள் காலை பூஜை. மைத்துனன் ஆட்களைக் கூட்டி வந்திருந்தான். மாலையும் அவன்தான் வாங்கியிருந்தான். புது வண்டியில் முதல் சவாரி மைத்துனனுக்கு என்பது அவர்கள் வீட்டு முறை. வண்டியில் இன்னொருவர் உட்கார ஒரே ஓர் இடம்தான். இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். தட்டில் சந்தனமும் எலுமிச்சம்பழமுமாக மனைவி ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

இறங்கியவள் அப்படியே நின்றாள். காரைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். வாசலில் வரிசையாக நின்ற எங்களைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். நான் பெயிண்ட் இல்லாத கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“எப்பிடி இருக்கு? நீ சொன்னாத்தான் எனக்கு நிம்மதி” என்றார் அவர். “பச்ச சரியா விழுந்திருக்கா?”

மைத்துனன் உதட்டைக் கடித்துக்கொண்டு, “சொல்லு அக்கா, எல்லாரும் அதுக்குத்தான நிக்கோம்” என்றான்.

அப்போதுதான் அவள் அந்த முத்தின இலையைச் சொன்னாள். நிதானமாக, எல்லோர் காதிலும் விழும்படி. அவர் முகம் மலர்ந்தது.

சொல்லிவிட்டு பானட்டில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்தாள். குனிந்து சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பிறகு தம்பி பிடித்திருந்த கதவுக்கு வந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, காலித் தட்டை அவன் கையில் கொடுத்தாள்.

“ஏலே, நீ பைக்குல பொறத்தால வா. அம்மைட்ட வண்டி என்ன நெறம்னு நீதான் மொதல்ல சொல்லணும்.”

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் உள்ளே உட்கார்ந்து கதவை இழுத்தாள். பைபர் கதவு முதல் தடவை பூட்டவில்லை. திறந்து இன்னொரு தடவை, பலமாக அடைத்தாள்.