நாற்பது கிராம் சக்கர நாற்காலி

கிரெடிட் கார்டில் ஏமாந்தவர்களுக்கென்று மயிலாப்பூரில் எங்கள் வங்கிக் கிளையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதற்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் என் உத்தியோகம்.

கார்டு வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஆன்லைனில் கார்டு போட்டு வாங்கினால் பாதுகாப்பு உண்டு, பொருள் வராவிட்டால் பணம் திரும்பி வரும் என்று விளம்பரத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு சொல்கிறார்களே, அது பொய்யில்லை. பாதுகாப்பு இருக்கத்தான் செய்கிறது. அதை வாங்குவதற்குள் உங்களுக்கும் எனக்கும் தாவு தீர்ந்துவிடும், அவ்வளவுதான். போன கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கவருக்குள் கர்ச்சீப்

பிலோமினா டீச்சர் சாந்தோமிலிருந்து வந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் அந்தோணி சார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து நடப்பதில்லை. வீட்டுக்கும் மாதா கோயிலுக்கும் நடுவே இரண்டே தெரு. அந்தக் கோயிலில் அடுத்த மாதக் கடைசி ஞாயிறு பேத்திக்குப் புதுநன்மை. குழந்தை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். தாத்தா முன்வரிசையில் இருந்தே ஆகவேண்டும் என்பது பேத்தியின் உத்தரவு. அதற்காக டீச்சர், போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு சக்கர நாற்காலியைக் கார்டில் வாங்கியிருந்தார். வந்தது ஒரு காக்கிக் கவர். உள்ளே ஒரு கர்ச்சீப். விற்றவன் போன் எடுக்கவில்லை.

கவரையும் கர்ச்சீப்பையும் பத்திரமாக மடித்து என் மேஜையில் வைத்தார். "இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு டீச்சர்? பில் இருக்கு, போதும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாடகைக்கு ஒன்று எடுத்து வைக்கலாமா என்று கேட்டார். எதற்கு வீண் செலவு, பணம் வந்துவிடும், புதிதாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று வாய் கூசாமல் சொன்னேன். எங்கள் ஃபாரத்தில் என்ன புகார் என்று டிக் போட வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். 'பொருள் வந்து சேரவில்லை' என்ற பெட்டியைக் காட்டினேன். டீச்சர் பேனாவை எடுத்தவர், டிக் போடாமல் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு வந்துச்சே மேடம், வரலைன்னு எழுதினா பொய்யாகாதா?"

கர்ச்சீப் வந்தால் நாற்காலி வந்ததாகுமா என்று நான் ஒரு அதட்டல் போட்டதும் டிக் போட்டுவிட்டார்.

ரோஷத்தில் போட்ட டிக்

டீச்சரின் ஃபாரம் போன அதே வாரம், தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். ஆன்லைனில் கடைக்கு பில்லிங் மெஷின் வாங்கி, உடைந்த பழைய மெஷின் வந்திருந்தது. அவர் முந்தைய மாதமே கொடுத்திருந்த ஃபாரம் தள்ளுபடியாகி வந்திருந்தது. ஏன் என்று பார்த்தேன். 'இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவே இல்லை' என்ற பெட்டியில் டிக். அதுவும் பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்தி.

உங்களில் பாதிப்பேர் செய்கிற காரியம் இது. நான் செய்யவே இல்லை என்று சொன்னால் வங்கி பயந்து பணத்தைக் கொடுத்துவிடும் என்று நினைப்பு. வங்கி என்ன செய்யும் தெரியுமா? உங்கள் போனுக்கு வந்த ஓடிபியைப் போட்டது நீங்கள்தான் என்று ஒரே வரியில் பதில் எழுதி, கேஸை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடும். 'வந்த பொருள் வேறு' என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அது உண்மையும்கூட, அதில் போடாமல் இதில் ஏன் போட்டீர்கள் என்று கத்தியே விட்டேன். அண்ணாச்சி அசரவில்லை.

"பின்ன என்னம்மா? நான் ஏமாந்துட்டேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, நாளைக்கு எவன் என்னை யாவாரின்னு மதிப்பான்?"

மரியாதையான குரல்

அதற்கு அடுத்த வாரம் கபாலி கோயில் மாடவீதியிலிருந்து ஒரு மாமி. ஆன்லைனில் வாங்கிய இட்லி குக்கரைத் திருப்பி அனுப்ப, கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணை இணையத்தில் தேடியிருக்கிறார். முதலில் கிடைத்த எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார். அது கம்பெனி எண் இல்லை. இப்படித் தேடி வருபவர்களுக்காகவே எவனோ விரித்துவைத்த வலை. பணத்தைத் திருப்பிப் போடத்தான் என்று சொல்லி கார்டு எண்ணையும் ஓடிபியையும் வாங்கிக்கொண்டு, அரைமணி நேரத்தில் கார்டைச் சுரண்டிவிட்டான்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று தினமும் மெசேஜ் அனுப்புகிறோமே, படிக்கவே மாட்டீர்களா மாமி என்று கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். அன்று காலையிலிருந்து நான்காவது ஓடிபி கேஸ் அது. மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம பேங்க்ல என்னிக்காவது யாராவது என்னண்ட இவ்ளோ மரியாதையாப் பேசியிருக்காளா? அதுலயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்டிம்மா!"

டெலிவர்டு

டீச்சரின் கேஸ் திரும்பி வந்தது. 'நிராகரிக்கப்பட்டது. பொருள் டெலிவரி செய்யப்பட்டதற்கான ஆதாரத்தை விற்பனையாளர் சமர்ப்பித்துள்ளார்.' என்ன ஆதாரம்? கூரியர் கம்பெனியின் ஒரு எண், அதற்குக் கீழே பச்சை எழுத்தில் 'டெலிவர்டு', டீச்சரின் கையெழுத்து. அப்போதுதான் உறைத்தது. அந்தக் கர்ச்சீப்பை எவனும் தவறுதலாக அனுப்பவில்லை. வேண்டுமென்றேதான் அனுப்பியிருக்கிறான். ஏதோ ஒன்று வாசலில் போய் விழுந்து, கையெழுத்து விழுந்தால் போதும். நாங்கள் மற்றதைப் பார்த்துக்கொள்வோம் என்று எங்களை அவ்வளவு நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறான். அண்ணாச்சியைத் தப்பான பெட்டி என்று விளாசியவள் நான். டீச்சருக்குத் தப்பான பெட்டியைக் காட்டியவளும் நான்தான். பொய்யாகாதா என்று அந்த அம்மாள் அன்றைக்கே கேட்டார்.

கார்டு புகார்களை விசாரிக்கும், வேறு ஊரில் இருக்கும் எங்கள் தகராறுப் பிரிவுக்குப் போன் போட்டேன். தமிழ் தெரிந்த ஒருவர் கிடைத்தார். நடக்க முடியாத மனிதருக்கு ஐயா, கவருக்குள் கர்ச்சீப் ஐயா என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் என்னைக் கொன்றது.

"மேடம், சிஸ்டத்துல டெலிவர்டுன்னு இருக்கு. சேரா கர்ச்சீப்பான்னு சிஸ்டம் பாக்காது மேடம்."

பாதுகாப்புத் திட்டம்

டீச்சரை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவுமில்லை. "ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ஒம்பது நாள்தான் மேடம் இருக்கு" என்றார். வாடகைக் கடையில் டெபாசிட்டுக்குக் கார்டு கேட்டார்களாம். கார்டின் கடன் வரம்பு அந்த வராத நாற்காலியிலேயே நிரம்பிக் கிடக்கிறது. பென்ஷன் சாரின் மருந்துக்குப் போய்விட்டது. கோயிலில் இருக்கும் ஒரே நாற்காலி சக்கரம் கழன்று மூலையில் கிடக்கிறது. டெபாசிட்டை நான் தருகிறேன் என்றேன். டீச்சர் பேச்சை மாற்றிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மேனேஜர் கேபினிலிருந்து சிரித்த முகமாக வந்தார். கையில் ஒரு நோட்டீஸ். மோசடியிலிருந்து கார்டைக் காக்கும் பாதுகாப்புத் திட்டமாம், வருடச் சந்தாவாம், உங்களை மாதிரி சீனியர் சிட்டிசன்கள் முதல் வேலையாக எடுக்க வேண்டியதாம். டீச்சர் அதை வாங்கி, ஒரு எழுத்து விடாமல் படித்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். எனக்குக் கையில் இருந்த ஸ்டேப்ளரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவருக்குக் கதவைத் திறந்துவிட்ட எங்கள் செக்யூரிட்டி கன்னியப்பன் திரும்பி என்னிடம் வந்தார்.

"இன்னா மேடம், வூடு பத்திக்கினு எரியசொல்ல உங்க சாரு பூட்டு வித்துக்கினு கீறாரு?"

கவரின் மறுபக்கம்

மறுநாள் சனிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் நேராகச் சாந்தோம் போனேன். அந்தக் கவர் வேண்டும், குப்பை என்று நான் திருப்பிக் கொடுத்த அதே கவர். தூக்கிப் போட்டிருப்பார்கள் என்ற பயத்தில்தான் கதவைத் தட்டினேன். டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டு, காலண்டருக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுத்தார். முப்பது வருடமாக ஒருபக்கக் காகிதத்தை வீணாக்காத கை. கவரை ஓரம் பிரித்து விரித்து, உள்பக்கத்தில் புதுநன்மை விருந்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று வரிசையாக எழுதியிருந்தார். முதல் பெயருக்குப் பக்கத்தில் 'தாத்தா, முன்வரிசை' என்று பேத்தியின் கோணல் எழுத்து.

வெளிப்பக்கத்தில் கூரியர்காரன் ஒட்டிய லேபிள் அப்படியே இருந்தது. டீச்சரின் பெயர், விலாசம், அதே கூரியர் எண். கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ பொடி எழுத்து, பாதி அழிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் இருந்த அந்தோணி சார் கையை நீட்டி வாங்கினார். ஜெபப் புத்தகம் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்து, வரி வரியாக நகர்த்திக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நின்றார். எடை: நாற்பது கிராம். சார் சத்தமாகச் சிரித்தார். நான் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"நான் அறுபத்தெட்டுக் கிலோ மேடம். நாப்பது கிராம் சேர்ல என்னை உக்கார வெக்கப் பாத்திருக்கான்!"

ஐந்து நட்சத்திரம்

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக, 'வந்த பொருள் வேறு' என்ற பெட்டியில் டிக் போட்டு, கவரின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துச் சேர்த்து மறுபரிசீலனைக்கு அனுப்பினேன். விருந்தினர் பட்டியலும் சேர்ந்தே போகட்டும், சிஸ்டம் படிக்காவிட்டாலும் மனிதன் எவனாவது படிக்கட்டும் என்றுதான். தினம் காலையில் ஒரு போன், மாலையில் ஒரு போன். நாற்பது கிராமில் சக்கர நாற்காலி உங்கள் ஊரில் எங்கே கிடைக்கிறது சொல்லுங்கள், நானும் ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று கத்தினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். வெள்ளிக்கிழமையும் பரிசீலனையில்தான் இருந்தது. கடைசியில் ஞாயிறு வந்துவிட்டது, பணம் வரவில்லை. பக்கத்து மீனவர் குப்பத்துப் பையன்கள் நாலு பேர் வந்து, சாப்பாட்டு நாற்காலியில் சாரை வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்களாம். சார் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். "நாலு பேர் தூக்கிக் கோயிலுக்குப் போறது ஒரே ஒரு தடவைதான்பா, அது இப்ப வேணாம்." பூசை முடிந்து பேத்தி வெள்ளை கவுனோடும் தலையில் பூமுடியோடும் ஓடிவந்து, கட்டிலில் ஏறித் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டதாம். முன்வரிசையில் அவருக்கென்று பிடித்து வைத்திருந்த இடத்தில் கடைசிவரை யாரும் உட்காரவில்லையாம்.

அந்த ஞாயிறு கழிந்து ஒன்பதாவது நாள் பணம் வந்தது. முழுப் பணமும் வந்தது, கூடவே டீச்சருக்கு ஒரு மெசேஜும் வந்தது: உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்த்து வைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? மேனேஜர் என் முதுகைத் தட்டி, எப்படியாவது ஐந்து வாங்கிவிடு என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் டீச்சருக்குப் போன் செய்தேன். வாடகை நாற்காலியே வேண்டாம் என்று சொன்ன வாய் இது. நட்சத்திரப் பேச்சை நான் எடுக்கவேயில்லை, அவர்தான் எடுத்தார். குரலில் கோபமே இல்லை, விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருக்கிற குரல்.

"விடை சரிதான் மேடம். ஆனா பரீட்சை முடிஞ்சு மணி அடிச்சப்புறம் எழுதினதுக்கு நான் என்னிக்கும் மார்க் போட்டதில்ல."

இப்போது என் மேஜையில் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், யார் என்ன கவர் கொண்டுவந்தாலும் எடையைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடி இருக்கிறது. அதை நானே லஸ்ஸில் ஒரு கடைக்கு நடந்துபோய், கையில் எடுத்துப் பார்த்து, ரொக்கம் கொடுத்து வாங்கினேன்.