பூனையின் இடது காலடி

இன்று காலை ஏழு மணிக்கு அத்தையின் போன் வந்தது. "மாமா கடைல நாற்காலியிலேயே இருக்காருடி. கூப்பிட்டா திரும்பல" என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. விளையாட்டு ஷூ தைத்துக்கொடுப்பதுதான் தொழில். கடை ஒரு ஷட்டர் அகலம்தான் இருக்கும். தையல் மெஷினும் பசை டப்பாக்களும் மரத்தாலான கால் அச்சுகளும் போக, மிச்ச இடத்தில் மாமா இருந்தார். குத்துச்சண்டை போடுகிறவர்களுக்கான உயரமான ஷூக்களை எங்கள் பக்கத்தில் அவர்தான் தைத்தார். சாயங்காலம் ஆனால் கிளப்புக்கு ஓடிவிடுவார். அங்கே அவர் பயிற்சியாளர், சம்பளம் கிடையாது.

"சம்பளம் இல்லாத உத்தியோகத்துக்கு இவ்வளவு அவசரமா? சட்டைப் பித்தானைச் சரியாப் போட்டுட்டுப் போங்க" என்று அத்தை வாசல் வரை வந்து சொல்லுவாள்.

மாமா சண்டை பார்க்கும் விதம் யாருக்கும் வராது. ஷூ பெட்டி அட்டையை வெட்டி, டிவியின் மேல் பாதியை மறைத்து ஒட்டிவிடுவார். கீழே கால்கள் மட்டும் தெரியும். "கை ஆயிரம் பொய் சொல்லும். எனக்குக் கால் போதும்" என்பார். பழைய சண்டைகள் எத்தனையோ பார்த்திருந்தார். அந்த வீரர்கள் வழியில் எதிரே வந்தால் முகத்தை வைத்து அடையாளம் சொல்ல அவரால் முடியாது.

அவருக்கு நேர்மாறு, பக்கத்துச் சலூன்காரர். அவர் முகத்தை மட்டுமே பார்ப்பார். இருவருக்கும் பல வருடங்களாக ஒரே வழக்கு. சுத்தியலும் பூனையும் மோதினால் யார் ஜெயிப்பார்?

இருவருமே லைட் ஹெவிவெயிட் எடைப் பிரிவில் உலகச் சாம்பியனாக இருந்தவர்கள். சுத்தியல், பூனை என்பவை சலூனில் வைத்த பெயர்கள். சுத்தியல் ஓய்வு பெற்றபோது பூனை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அதனால் அந்தச் சண்டை நடக்கவே இல்லை. சலூனில் மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது நடந்தது.

"பதினைஞ்சு ரவுண்டு. எங்காளு காலத்துச் சட்டம் அதுதான்" என்பார் சுத்தியல் கட்சியான சலூன்காரர்.

"பதினைஞ்சு என்னய்யா, இருபது வை. ஏழாவதுக்கு மேல உங்காளுக்கு மூச்சு ஏது? பூனை சுத்திச் சுத்தி வந்து பாயிண்ட்ல தூக்கிட்டுப் போயிருவான்."

"ஒன்பதாவதுல ஒரே ஒரு வலது கை. அப்புறம் உன் பூனைக்குப் பால் ஊத்தத்தான் ஆள் தேடணும்."

மாமாவுக்குப் பூனை மேல் இருந்த பிடிப்புக்கு ஒரு காரணம் உண்டு. பூனை ஒரு பெரிய சண்டையில், பாதிக்கு மேல், திரும்பத் திரும்ப இடது பக்கமாகக் காலெடுத்து வைத்தே ஜெயித்தான். எதிராளியின் வலது கை இருக்கும் பக்கம் அது. யாரும் போகத் துணியாத பக்கம். அதை மாமா தந்திரம் என்று எடுத்துக்கொண்டார். அடிக்கிறவனை ஆசைகாட்டி இழுக்கிற வலை என்றார். மாமா மகளைக் கட்டிய மாப்பிள்ளையும் லைட் ஹெவிவெயிட்தான். குளிர்பதனக் கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். அவருக்கு அந்தக் காலடியைத்தான் மாமா இரண்டு வருடமாகக் காலையில் எழுப்பி எழுப்பிப் பழக்கினார்.

மாப்பிள்ளையின் பெரிய போட்டிக்கு முதல் நாள் மத்தியானம். மாமாவைக் கூட்டிப்போக நான் சலூனுக்குப் போயிருந்தேன். அங்கே வழக்கு உச்சத்தில் இருந்தது. சலூன் டிவியில் பூனையின் அந்தச் சண்டை ஓடியது. மேல்பாதியில் மாமாவின் அட்டை.

"பாரு, இடது. மறுபடி இடது. சுத்தியல் இங்கதான் ஏமாறுவான்" என்றார் மாமா.

"சுத்தியலோட வலது கைக்கு நேரா நடந்து போறான், அதுக்குப் பேரு தந்திரமா?" சலூன்காரர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்தார். "யோவ், ஒரு தடவையாவது மூஞ்சியப் பாருய்யா!" என்று அட்டையைப் பிய்த்து எடுத்தார்.

பூனையின் இடது புருவம் கிழிந்து தொங்கியது. அந்தக் கண் முழுக்க ரத்தம்.

"இடது கண்ணு தெரியல. தெரியற வலது கண்ணுக்குள்ள எதிராளிய வச்சுக்கணும். அதுக்காக இடது பக்கம் போறான். வேற வழியில்லாமப் போறான். அவன் ஏன் அடி வாங்கலன்னு கேளு. எதிராளி மூஞ்சியப் பாரு. வலது கையைப் போடும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறான். கை உடைஞ்சு போச்சு அவனுக்கு."

மாமா படத்தைப் பின்னால் ஓட்டச் சொன்னார். மறுபடியும் ஓட்டச் சொன்னார். நாற்காலியில் முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவர், "அண்ணே, என்னையும் கொஞ்சம் கவனிங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு வர்றவனுக்கு வலது கைதான்..." என்று ஆரம்பித்த மாமா, அதை முடிக்காமல் செருப்பைத் தேடினார்.

நேராகக் கிடங்கு வாசலுக்குப் போகச் சொன்னார். வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சொன்னா அவன் மனசு உடையும். சொல்லலன்னா தாடை உடையும். எது தேவலாம், பாப்பா?"

வேலை முடிந்து மாப்பிள்ளை வெளியே வந்தார். குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மாமா சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"மாப்ள, நான் கத்துக்குடுத்தது தப்பு. நாளைக்கு இடது பக்கம் மட்டும் போயிராதீங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "விளையாடுறீங்களா மாமா? தூங்கும்போதுகூட என் கால் அந்தப் பக்கம்தான் போகுதுன்னு உங்க பொண்ணு திட்டுறா. நாளைக்கு மேடை. இப்ப வந்து சொல்றீங்க!"

"புத்திக்கு இப்பதான் எட்டுச்சு."

"எனக்கு எட்டுது. என் காலுக்கு யாரு சொல்றது?"

மறுநாள் கிளப் கூடத்தில் நிற்க இடமில்லை. மாப்பிள்ளையின் மூலையில் மாமா, தோளில் வெள்ளைத் துண்டோடு நின்றார். நானும் மாமா மகளும் இரண்டாவது வரிசையில் இருந்தோம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். முதல் ரவுண்டில் மாப்பிள்ளை வலது பக்கமாகவே சுற்றினார். ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பது தெரிந்தது. மணி அடித்ததும் மாமா அவர் வாயில் தண்ணீர் ஊற்றினார். "அப்படியே, அப்படியே" என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது.

இரண்டாவது ரவுண்டின் நடுவில் களைப்பு வந்தது. யோசிப்பது நின்றது. அவர் இடது கால் தானாக இடது பக்கம் போனது.

அந்த வலது கை வந்த சத்தம் கூடத்தின் கடைசி வரை கேட்டது. மாப்பிள்ளை முழங்காலில் விழுந்தார். நடுவர் எண்ண ஆரம்பித்தார். எட்டு வருவதற்குள் மாப்பிள்ளை எழுந்து கைகளைத் தூக்கிக் காட்டினார். நடுவர் கண்களைப் பார்த்துவிட்டுத் தொடரச் சொன்னார். அதற்குள் மாப்பிள்ளையின் கால் மறுபடியும் இடது பக்கம் நகர்ந்தது.

மாமாவின் கை துண்டுக்குப் போனது. பயிற்சியாளர் துண்டை மேடையில் போட்டால் சண்டை அத்தோடு முடிந்தது, தோல்விதான்.

"போடாதீங்க மாமா!" மாப்பிள்ளை மேடையிலிருந்தே கத்தினார். கூட்டமும் கத்தியது. "போடாதே, ஆள் நல்லாத்தான் நிக்கிறான்!" என் மணிக்கட்டில் நகம் பதிந்தது. எதிராளி வலது தோளைப் பின்னுக்கு இழுத்தான்.

துண்டு மேடையின் நடுவில் போய் விழுந்தது.

தாடை வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. மாமாவோடு பேச்சுவார்த்தைதான் திரும்பவில்லை. மாப்பிள்ளை மாமா வீட்டுப் பக்கம் வரவில்லை. "ஜெயிச்சிருப்பேன்" என்று மட்டும் மனைவியிடம் சொன்னாராம். மாமா சலூனுக்குப் போவதையும் நிறுத்தினார். அத்தைதான் ஒருநாள் பொறுக்காமல், "தாடை போயிருந்தா நீதான் கஞ்சி கரைச்சு ஊட்டிக்கிட்டு இருப்ப. அதையும் சேத்துச் சொல்லச் சொல்லு உன் புருஷனை" என்று மகளுக்குப் போன் போட்டாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை கடைக்கு வந்தார். நான் அறுந்த பை வாரைத் தைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் யாரையும் பார்க்காமல் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"சரி, எப்படி நடக்கணும், சொல்லுங்க."

மாமா தையல் ஊசியைக் குத்தி நிறுத்தினார். "மூஞ்சியையும் பாத்துட்டுத்தான் இந்தத் தடவை சொல்றேன்" என்றார்.

"பாத்தாச்சா? பூனை அழகா இருக்கானா?"

"உங்களுக்குத் தேவலாம், மாப்ள."

அன்று முதல் தினமும் சாயங்காலம் மெஷினை ஓரமாக நகர்த்திவிட்டு, தரையில் சாக்கட்டியால் பாதத் தடங்களை வரைந்தார். மாப்பிள்ளையின் காலையே வைத்துச் சுற்றிக் கோடு போடுவார். வலது பக்கமாக விலகி, திரும்பி, அடிக்கிற இடத்துக்கு வந்து சேருகிற புது நடை. தினம் ஓர் அடிதான். அது பழகிய பிறகே அடுத்தது.

இன்று மாமாவின் இறுதிச் சடங்கெல்லாம் முடிந்தபின் சலூன்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "கடைசியா நேத்து சலூனுக்கு வந்தாரும்மா. இடது பக்கம் போகாத பூனையா இருந்தா சுத்தியலால முடியுமான்னு கேட்டாரு. நாளைக்குச் சொல்றேன்னு சொன்னேன்."

"என்ன சொல்லியிருப்பீங்க?"

"முடியாதுன்னுதான்" என்றார்.

கடைத் தரையில் தடங்கள் இருந்த இடத்தை மாப்பிள்ளை யாரையும் மிதிக்கவிடவில்லை. மாமாவைத் தூக்கியபோதுகூடச் சுற்றித்தான் போனார்கள். வரைந்த தடங்கள் ஐந்து. ஐந்தாவதை மாமா விடியுமுன் தனியாக வந்து தொடங்கியிருக்க வேண்டும்; அதில் குதிகால் வளைவு மட்டும் இருக்கிறது. விரல்கள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது வரையப்படவில்லை.