பால் பவுடர் நின்ற பிறகும்

எங்கள் பனியன் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவர் ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள். கரிப்பெட்டியை இழுத்து இழுத்து வலது தோள் மட்டும் சற்று இறங்கியிருக்கும். மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்ததும் நாங்கள் எல்லோரும் அள்ளித் தின்ன ஆரம்பித்துவிடுவோம். அவர் மட்டும் கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

முன்பெல்லாம் சர்ச்சில் ஏழைகளுக்குப் பால் பவுடர் கொடுப்பார்கள்; அதற்காகவே மதம் மாறியதாகச் சிலர் கேலி பேசுவார்கள். அதை வைத்துத்தான் ஒருநாள் கட்டிங் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏனப்பா, பால் பவுடருக்கு மாறுன ஆளுதானே நீ? அதுக்கு இத்தனை கும்புடா?"

நானாக இருந்தால் போசியை அந்த மாஸ்டர் தலையில் கவிழ்த்திருப்பேன். இஸ்திரிக்காரர் மெதுவாகக் கண்ணைத் திறந்து சிரித்தார்.

"பவுடர் குடுக்கறதை நிறுத்திப் பல வருசமாச்சுங்க மாஸ்டர். நான் இன்னும் நிறுத்துலீங்க."

சொல்லிவிட்டுத் தன் போசியை அவர் பக்கம் நகர்த்தினார். "கொள்ளுப்பருப்புங்க. கொஞ்சம் போட்டுக்குங்க."

மாஸ்டர் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் இஸ்திரிக்காரர் கண்ணை மூடியபோது நான் மாஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிசைந்த சோறு மாஸ்டர் கையிலேயே இருந்தது. இஸ்திரிக்காரர் கண் திறந்த பிறகுதான் அது வாய்க்குப் போனது.