காத்தாயிக்கு ஓர் இலை

கண் ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தக் கறுப்புக் கண்ணாடி சாருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே வரும், அவரும் விரலால் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார். பழைய சினிமா வில்லன் மாதிரி இருக்கீங்க சார் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும், சொன்னதில்லை. ஷார்ஜா தொழில்பேட்டையில் அலுமினியக் கதவு ஜன்னல் செய்கிற ஒர்க்‌ஷாப்பில் அவர் மேனேஜர், நான் ஸ்டோர் கீப்பர். காவிரிப் பாசனத்தில் இருவருக்கும் ஒரே ஊர். எனக்கு விசா எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஊரில் அவருடைய அப்பாவை என் அப்பா ‘ஆண்டே’ என்று கூப்பிட்டுக்கொண்டு கொல்லைப் பக்கத்தோடு நின்றவர். இங்கே எனக்கு ‘சார்’ என்ற சொல் கிடைத்தது. பெஷாவர்க்கார டிரைவரும் அவரை சார் என்கிறார், நானும் சார் என்கிறேன். அந்தச் சொல்மேல் எனக்குத் தனிப் பிரியமே உண்டு.

கண்புரை ஆபரேஷன் முடிந்து சார் ஃபிளாட்டில் தனியாக இருந்தார். அவர் மனைவி, மகள் பிரசவத்துக்காகக் கனடா போயிருந்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ச் சொட்டு மருந்து விட்டு, ஒரு ரசமோ கூட்டோ வைத்துக் கொடுத்து வருவேன். அப்போது அவர் தன் குடும்ப வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாகப் போடுகிற வேகத்தில் இருந்தார். ஊரில் இருந்த அவருடைய அண்ணன் பழைய பத்திரங்களைப் போட்டோ பிடித்து அனுப்பியிருந்தார். அதில் முக்கியமானது கொள்ளுத்தாத்தா எழுதிய உயில். “எழுத்து கொஞ்சம் கிறுக்கலா இருக்கும் தம்பி. நீங்க மெதுவா படிங்க, நான் போன்ல பதிஞ்சுக்கறேன்” என்று கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆடி அமாவாசைக்கு இறந்தவர்களுக்குப் படைக்கும்போது ஒவ்வொருவரையும் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவோம். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருப்போம். அப்பா தன் அப்பாவில் தொடங்கி மேலே மேலே போய் அய்யாக்கண்ணு என்ற பேரில் வந்து நிற்பார். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. அய்யாக்கண்ணுவுக்கு விவரம் தெரிவதற்குள் அவருடைய தாய் செத்துவிட்டாளாம். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “அய்யாக்கண்ணப் பெத்தவளே, நீயும் வா தாயி” என்று முடிப்பார். பேர் சொல்லாமல் கூப்பிட்டால் அந்த அம்மாள் வருவாளா, வாசலிலேயே நின்றுவிடுவாளா என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு.

உயிலைப் படித்துக்கொண்டே போனேன். நஞ்சை இவ்வளவு, தென்னந்தோப்பு, மாட்டுக்கொட்டகை, உழவு மாடு இரண்டு ஜோடி. அதற்கு அடுத்த வரி: ‘வாய்க்கால்மேட்டில் குடியிருக்கும் நமது ஆள் காத்தாயியும் அவள் கைக்குழந்தை அய்யாக்கண்ணும் மேற்படி நிலத்தோடு இளைய குமாரனைச் சேர வேண்டியது.’ வாய்க்கால்மேடு எங்கள் தெரு. இன்றைக்கும் எங்களை வாய்க்கால்மேட்டார் என்றுதான் சொல்வார்கள். நான் நிறுத்திவிட்டேன். எழுத்து புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு சார், “புரியலேன்னா விடுங்க தம்பி, அடுத்த வரிக்குப் போங்க” என்றார். “புரியுது சார்” என்று சொல்லி அந்த வரியை மறுபடி உரக்கப் படித்தேன். படித்துவிட்டு, “இது எங்க ஆளுங்க சார்” என்றேன். மாட்டுக்கு அடுத்த வரியில் எங்கள் ரத்தம் எழுதப்பட்டிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அதே நெஞ்சுக்குள் இன்னொரு பக்கம் சந்தோஷமும் வந்ததை என்ன சொல்வது. காத்தாயி. அவளுக்குப் பேர் இருந்திருக்கிறது.

அடிமை வைப்பது குற்றம் என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டு எத்தனையோ காலம் கழித்து எழுதிய உயில் அது என்று சாரே சொன்னார். நான் ரூமுக்கு வந்து அப்பாவுக்கு போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர், “காத்தாயியா? சாமி பேரால்ல வெச்சிருக்காங்க” என்றார். இரண்டு தடவை அந்தப் பேரைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். “இந்த அமாவாசைக்குக் கூப்பிட்டுருவோம்டா. காகிதத்தையும் எப்படியாச்சும் வாங்கிடு. நாளைக்கு ஒம் புள்ளைங்க, ஏதோ கெழவன் சொன்னான்னு விட்டுறக் கூடாது” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது சார் தயாராகக் காத்திருந்தார். “அந்தப் பக்கத்த புத்தகத்துலேர்ந்து எடுத்துட்டேன் தம்பி. போட்டோவையும் நீங்க படிச்ச ரெக்கார்டிங்கையும் அழிச்சாச்சு. அண்ணன்கிட்ட சொல்லி அசலையே கிழிச்சுப் போடச் சொல்லிட்டேன். இனிமே உங்க கண்ணுல அது படவே படாது” என்றார். எனக்கு நல்லது செய்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. நான் அவரிடம் குரலை உயர்த்தியது அன்று ஒருநாள்தான். “சார், உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ஊரெல்லாம் பத்திரம் இருக்கு, கோயில்ல கல்வெட்டு இருக்கு. எங்க காத்தாயிக்கு இந்த ஒரு வரிதான் சார் இருக்கு. அதையும் கிழிச்சுட்டா அவ பொறந்ததே இல்லன்னு ஆயிடும்” என்றேன்.

அவர் பதறிப்போய்ப் போனைத் தேடி எடுத்து, கண் சரியாகத் தெரியாமல் இரண்டு தடவை தப்பான நம்பருக்குப் போட்டார். கடைசியில் நானே வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். “அண்ணே, கிழிச்சுட்டியா?” என்று கேட்டார். ஸ்பீக்கரில் அண்ணன் சாவகாசமாகச் சொன்னார்: “எங்கடா கிழிக்கிறது. பீரோ சாவிய எங்க வெச்சேன்னு மூணு நாளா தேடிக்கிட்டிருக்கேன்.” அந்த மனிதருடைய ஞாபகமறதிக்கு என் வம்சமே கடமைப்பட்டிருக்கிறது. சார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, “கிழிக்காத. சாவி கெடச்சா உயில எனக்கு அனுப்பு” என்றார்.

ஆடி அமாவாசைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா ஊரில் படைக்க, நான் தொழிலாளர் கேம்ப் ரூமிலேயே படைப்பது என்று முடிவு செய்தேன். இதைக் கேள்விப்பட்டதும் சார், “நான் வரலாமா தம்பி?” என்று கேட்டார். அவருடைய கொள்ளுத்தாத்தா ஞாபகம் குறுக்கே வந்தது. “வாங்க சார். ஆனா கதவு சாத்துனதும் எங்களோட வெளிய நிக்கணும்” என்றேன். வந்தார். ரோலா கடைத்தெருவில் வாங்கிய சேலையை இலை முன்னால் வைத்து, சூடம் கொளுத்தினால் ஃபயர் அலாரம் அலறும் என்பதால் பேட்டரி விளக்கு ஏற்றினேன். பேர்களை வரிசையாகச் சொல்லிக் கடைசியில், “காத்தாயி, வா தாயி, வந்து சாப்பிடு” என்று கூப்பிட்டேன். கண்ணாடியைக் கழற்றி என் கட்டில் ஆணியில் மாட்டிவிட்டுச் சார் கும்பிட்டார். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வராந்தாவில் கழற்றிப் போட்ட சேஃப்டி ஷூக்களுக்கு நடுவே, ரூம்காரர்களோடு அவரும் சுவரை ஒட்டி நின்றார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “டிராப்ஸ் போட்டீங்களா சார்?” என்றேன். “போட்டேன்” என்றார். மருந்து போன வாரமே தீர்ந்துபோனது எனக்குத் தெரியும்.

புத்தகம் அந்தப் பக்கத்தோடுதான் அச்சானது. அதனால் சொந்தத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். சார் ரிட்டயராகி ஊருக்குப் போய்விட்டார், அப்பாவும் இப்போது நான் கூப்பிடுகிற வரிசையில் சேர்ந்துவிட்டார். அன்று சார் மறந்து விட்டுப்போன கறுப்புக் கண்ணாடி இன்னும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. கேட்டால் கொடுத்துவிடுவேன், அவரும் கேட்பதில்லை. இந்த ஆடி அமாவாசைக்கும் கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் நின்றிருந்தபோது சாரிடமிருந்து போன் வந்தது. ஹலோகூடச் சொல்லாமல், “சாப்பிட்டாங்களா தம்பி?” என்றார். “இப்பதான் சார் உட்கார்ந்திருக்காங்க. கதவு இன்னும் திறக்கல” என்றேன்.

“சரி, மெதுவா சாப்பிடட்டும். நானும் நிக்கிறேன்” என்றார்.